படியெடுத்தலும் பிழைதிருத்தலும்

1895ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நோய்க்குறியியல் அறிஞர் ஆல்டிரெட் வார்த்தின், தையல் தொழில் செய்த பெண்ணொருவரின் வாட்டத்திற்குக் காரணம் வினவினார். தம் குடும்பத்தார் பலர் புற்றுநோயால் மாண்டதாகவும், தாமும் இளமையிலேயே மாளக்கூடும் என்றும் அவர் கூறினார். அவ்வாறே கருப்பைப் புற்றுநோய் அவரை இளவயதில் கொண்டுசென்றது. அக்குடும்பத்தின் நோய் வரலாற்றை வார்த்தின் 1913இல் வெளியிட்டார். பின்னாளில் இதுபோன்ற குடும்பங்களை ஆராய்ந்த ஹென்றி லிஞ்ச் என்னும் மருத்துவரின் பெயரால் இந்நிலை 'லிஞ்ச் நோய்க்கூட்டு' எனப்படுகிறது. இளவயதினருக்குப் பெருங்குடல் புற்றுநோய் தோன்றுவதற்கான மரபுவழிக் காரணங்களுள் இதுவே முதன்மையானது.

பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் சில நாள்களுக்கொருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பிரிவின்போதும் டி.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. ஏடு பெயர்த்தெழுதுவோர், ஒரே எழுத்து அடுத்தடுத்து வருமிடத்தில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடுவதுண்டு. செல்லிலும் அவ்வாறே பிழைகள் நேர்கின்றன. அவற்றைக் கண்டறிந்து திருத்தும் புரதங்களை எம்.எஸ்.எச்.2, எம்.எல்.எச்.1 முதலிய மரபணுக்கள் உருவாக்குகின்றன. பாக்டீரியாவில் இத்திருத்தம் நிகழும் முறையை விளக்கிய பால் மோட்ரிச், 2015ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக அமைகிறது. ஒரு படி பழுதுற்றிருப்பினும் மற்றொன்று பணியைத் தொடரும். குடற்செல் ஒன்றில் அதுவும் பழுதுறின், திருத்துவாரின்றிப் பிழைகள் பெருகும். செல்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களும் சிதையும். பல ஆண்டுகளில் நிகழவேண்டிய மாற்றம் விரைந்து முற்றுப்பெறும். இளமையிலேயே நோய் தோன்றுவதன் காரணம் இதுவே. வார்த்தின் கண்ட குடும்பத்தின் பழுது எம்.எஸ்.எச்.2 மரபணுவில் இருந்தது என்பது 2000ஆம் ஆண்டில் தெளிவாயிற்று.

இப்பழுது பெற்றோருள் ஒருவரிடமிருந்து பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஐம்பது விழுக்காடாகும். எனினும் மரபு என்பது மாற்றவியலாத விதியன்று. பழுது இருப்பதை மரபணுச் சோதனையால் அறிந்தோர், இருபது வயதைக் கடந்ததும் உரிய காலத்தில் கொலோனோஸ்கோப்பி பரிசோதனையைத் தொடங்குவர். அதன்வழி, புற்றாக மாறுமுன்னரே குடற்கட்டிகள் அகற்றப்படுகின்றன. மிகுதியான பிழைகளால் உருவாகும் வேற்றுப் புரதங்களை நோயெதிர்ப்பு மண்டலம் எளிதில் இனங்காண்பதால், நோயெதிர்ப்புச் சிகிச்சையும் இவ்வகைப் புற்றில் நற்பயன் தருகிறது.

இளவயதில் இந்நோயுறுவோருள் பெரும்பாலோர்க்கு இத்தகைய மரபுப் பழுது இல்லை. ஆதலின் மலத்தில் குருதி காணல், காரணமற்ற எடைக்குறைவு முதலிய அறிகுறிகளை, இளமையைக் காரணங்காட்டி எவரும் புறக்கணித்தலாகாது. தையற்பெண்ணின் காலத்தில் அச்சமாக மட்டுமே இருந்த குடும்ப வரலாறு, இன்று உயிர்காக்கும் அறிவாக மாறியுள்ளது.