பேருருவும் மெய்ப்பாடும்: காட்சில்லாப் படங்களும் கொங்கு நாட்டுக் கதைமரபும்

முன்னுரை

காட்சில்லா என்னும் பெருவிலங்கைப் பற்றிய சப்பானியத் திரைப்படங்கள் 1954ஆம் ஆண்டில் தொடங்கி இன்றுகாறும் வெளிவருகின்றன. தோஹோ நிறுவனம் எடுத்தவை மட்டுமே முப்பதுக்கு மேற்பட்டன. அவ்விலங்கைக் கொண்டு அமெரிக்கர் எடுத்த படங்கள் 2021, 2024ஆம் ஆண்டுகளில் தமிழ்க் குரலோடு தமிழகத்திற்கும் வந்தன. இவற்றைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என ஒதுக்குவார் உளர். விலங்கு தோன்றும், நகரை அழிக்கும், மீண்டும் கடல் புகும். இதனை எத்துணை முறை காண்பது என்பது அவர்தம் வினா.

இவ்வினா திரைப்படத்தோடு நிற்பதன்று. திருப்பூரை அடுத்த காங்கேய நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கைப் பாட்டாகக் கேட்போர், பொன்னரும் சங்கரும் இறுதியில் மாள்வர் என்பதை அறிந்தே கேட்கின்றனர். கந்த சட்டியன்று பழனியடிவாரத்திற் கூடுவோர் சூரன் வீழ்வான் என்பதை அறிந்தே கூடுகின்றனர். முடிவு தெரிந்த கதையை நாடுதல் பேதைமையெனின், இவர்தம் சுவையும் பேதைமை ஆகிவிடும். ஆதலின், பேருருக் கதையை விரும்புவோர் அதன்கண் எதனைச் சுவைக்கின்றனர் என்பதை மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு ஈண்டு ஆராய்கின்றோம்.

அச்சம்

அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறும் நான்கனுள் அணங்கும் விலங்கும் உள. காட்சில்லா இவ்விரண்டும் ஆகி நிற்பது. சப்பானியர் அதனைக் ‘கோஜிரா’ என்பர். கொரில்லாவையும் திமிங்கிலத்தையும் குறிக்கும் இரு சொற்களின் சேர்க்கை அது. பெயரளவில் விலங்கு, ஆயினும் அதனை எழுப்பியது அணுகுண்டு. 1954 மார்ச்சு 1ஆம் நாள் அமெரிக்கர் பிகினித் தீவில் வெடித்த நீரகக் குண்டின் சாம்பல் ஒரு சப்பானிய மீன்பிடி கலத்தின்மீது படிந்தது. அக்கலத்தோருள் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். இஷிரோ ஹோண்டா இயக்கிய முதற் படம் அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள் வெளிவந்தது. அதனைக் கண்டோர் கற்பனை விலங்கிற்கு மட்டும் அஞ்சினாரல்லர். தம் நினைவிற்கும் அஞ்சினர்.

அண்ணன்மார் கதையிலும் இத்தகைய பேருரு ஒன்றுண்டு. அது கொம்பன் என்னும் காட்டுப்பன்றி. வேட்டுவர் பக்கத்தில் வளர்ந்து, அண்ணன்மாரின் வயல்களை உழக்கி அழிப்பது. ஏர்த்தொழிலுக்கும் காட்டுவாழ்வுக்கும் இடையே நிகழ்ந்த நெடும் பகை அப்பன்றியின் உருவில் திரண்டு நிற்கின்றது எனலாம். பிரெண்டா பெக் அம்மையார் 1965ஆம் ஆண்டில் ஓலப்பாளையத்தில் இக்கதையை ஒலிப்பதிவு செய்து, பின்னர் நூல்வடிவிலும் வெளியிட்டார். கேட்போர்க்குக் கொம்பன் வேற்றுலகப் பொருளன்று; விளைந்த நிலத்தை ஓரிரவில் இழத்தல் யாது என்பதை அறிந்த உழவரின் அச்சமே அது.

மருட்கை

மருட்கைக்குரிய களன்களாகப் பெருமை, சிறுமை ஆகிய இரண்டையும் தொல்காப்பியர் எண்ணுகின்றார். பெரிதைக் கண்டு வியத்தல் எளிதிற் புலனாகும். சிறிதைக் கண்டு வியத்தல் நுண்ணிது. காட்சில்லாப் படங்களை விரும்புவோர் இரண்டையும் ஒருங்கே பெறுகின்றனர்.

ஐம்பது மீட்டர் உயர்ந்ததாகக் கதையிற் கூறப்படும் அவ்விலங்கு, உண்மையில் ரப்பர் உடை புனைந்த ஒரு மனிதர். ஹருவோ நகாஜிமா என்பார் 1954 முதல் 1972 வரை அவ்வுடையைத் தாங்கினார். முதலுடை ஏறத்தாழ நூறு கிலோ எடையுடையது. விலங்கின் நடையைக் கற்க அவர் விலங்குக் காட்சிச்சாலைக்குச் சென்று கரடியையும் யானையையும் உற்றுநோக்கினார். எய்ஜி ட்சுபுராயா தலைமையில் தோக்கியோ நகரின் கட்டடங்கள் இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவிற் செய்யப்பட்டன. காட்சியை மிகுவிரைவிற் பதிந்து இயல்பான விரைவில் ஓட்டியமையால், சிறு கட்டடத்தின் வீழ்ச்சியும் பெருஞ்சுமையின் வீழ்ச்சி போல மெல்லத் தோன்றியது. பிசின் பூசிய தோலுறையால் பெருநரம்புக் கருவியின் தந்தியைத் தேய்த்து எழுப்பிய ஒலியே அதன் முழக்கம். அகிரா இஃபுகுபேயின் இசை அதனோடு இணைந்தது.

இச்செய்திகளைப் பற்றாளர் நன்கறிவர்; அறிந்தும் வியக்கின்றனர். ஈண்டே இப்படங்களைப் பழிப்போர் தவறுகின்றனர். ‘உடை தெரிகின்றது, வீடு பொம்மையாக உளது’ என அவர் குற்றமாகக் கூறுவதே பற்றாளர்க்கு இன்பமாகும். சூரசம்மாரத்தை நோக்குக. சூரனுருவை ஆள்கள் சுமந்து ஆட்டுவதை எல்லோரும் காண்கின்றனர். யானைமுகத் தலையைக் கழற்றிச் சிங்கமுகத் தலையைப் பொருத்துவதும் கண்ணெதிரே நிகழ்கின்றது. அதனால் மெய்ம்மறத்தல் குறைவதில்லை. ஆக்குவோன் கையையும் ஆக்கப்பட்ட உருவையும் ஒருசேரக் காணும் கண்ணே இவ்விரு மரபினரின் கண்ணும் ஆகும். கைவினை மறைந்தாலன்றிச் சுவை பிறவாது எனல் இவற்றிற்குப் பொருந்தாது.

அழுகை

அழுகைக்குரிய களன்களுள் இழவு ஒன்று. பகைப்பொருள் அழியும்போது உவகை பிறத்தலே முறையாயிருக்க, இக்கதைகளில் இழவுணர்ச்சியும் உடன் பிறக்கின்றது. முதற் படத்தில் யமானே என்னும் அறிஞர், அவ்விலங்கைக் கொல்லுதல் கூடாது, ஆராய்தல் வேண்டும் என்கிறார். அதனைக் கொல்லும் கருவியைக் கண்ட செரிசாவா, தம் கண்டுபிடிப்பு மற்றொரு படைக்கலம் ஆகிவிடுமென அஞ்சித் தாமும் கடலடியில் உடன் மாய்கின்றார். வெற்றி உண்டு, கொண்டாட்டம் இல்லை. 1964ஆம் ஆண்டில் மூன்று தலைப் பகைவிலங்கு வந்தபோது காட்சில்லா உலகைக் காக்கும் அணியிற் சேர்ந்தது. 1995ஆம் ஆண்டுப் படத்தில் அது தன் உள்வெம்மையாலேயே உருகி மாண்டது. ஒரு தலைமுறைக்கு அழிவாய் இருந்தது மற்றொரு தலைமுறைக்கு உறவாயிற்று.

கச்சியப்பர் பாடிய சூரனும் முற்றும் அழிந்தானல்லன். மாமரமாய் நின்று பிளவுண்டு மயிலும் சேவலும் ஆயினான். பகை ஊர்தியாகவும் கொடியாகவும் மாறியது. கொம்பனோ மாள்கின்றது, பொன்னாச்சி என்னும் சிறு நாய் அதனைத் தளர்விக்க, சங்கரின் ஈட்டி கொல்கின்றது. ஆயினும் அவ்வேட்டையை அடுத்து அண்ணன்மாரின் முடிவும் நெருங்குகின்றது. பேருருவைக் கொன்றோன் பழையபடி வாழ்தல் இல்லை என்னும் கருத்து, செரிசாவாவின் முடிவிலும் அண்ணன்மார் முடிவிலும் ஒத்து நிற்றல் காண்க.

இவ்வொப்புமை கொண்டு ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என யாம் கூறவில்லை. வேறுபாடும் பெரிது. சூரனுக்குமேல் முருகன் உளன். அழிவிற்கும் ஆக்கத்திற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. காட்சில்லாவுக்குமேல் எவரும் இலர். மக்கள் செய்த பிழையே மக்கள்மீது திரும்புகின்றது.

நொய்யலும் கசடுருவும்

இவ்வேறுபாடு திருப்பூர் வட்டாரத்தார்க்கு நூற்செய்தியன்று. 1971ஆம் ஆண்டில் யோஷிமிட்சு பன்னோ இயக்கிய படத்திற் காட்சில்லா எதிர்த்தது ஹெடோரா என்னும் உருவை. ‘ஹெடோரோ’ என்பது சப்பானிய மொழியிற் கசடுச் சேறு. ஆலைக் கழிவால் வளர்ந்த அவ்வுருவின் ஈரம் முழுவதும் வற்ற உலர்த்தியே அதனை அழிக்க இயன்றது. படம், இன்னொன்று தோன்றுமோ என்னும் வினாவோடு முடிகின்றது.

பனியன் தொழில் பெருகிய நாளில் சாயக்கழிவு நொய்யலிற் கலந்தது. பாசனத்திற்கென 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையிற் சாயநீர் தேங்கி, கீழ்மடை உழவர் நிலமும் கிணறும் கெட்டன. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளிவிடாமல் மீளப் பயன்படுத்தும் முறையைக் கைக்கொண்ட பின்னரே பட்டறைகள் இயங்கலாயின. அம்முறையிலும் நீரைக் காய்ச்சி வற்றவைத்தபின் கலப்புப்பு எஞ்சுகின்றது. அதனை என்செய்வது என்பது வேறொரு சிக்கல். உலர்த்தியும் முற்றும் ஒழியாத கசடுருவை இவ்வட்டாரத்தார் திரையிற் காணவேண்டுவதில்லை.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. ஊருக்குச் சோறிட்ட தொழிலே ஊரின் ஆற்றைக் கெடுத்தது. இதனை ‘பகை’ என்றோ ‘உறவு’ என்றோ ஒரு சொல்லால் முடித்தல் இயலாது. அஞ்சவும் இரங்கவும் உரிய பேருருவின் கதை, இவ்விரட்டை நிலையைச் சொல்லத் தக்க வடிவமாகின்றது. இதுவே அக்கதையின் உயிர் எனக் கருதுகின்றோம்.

முடிவுரை

பேருருக் கதையை விரும்புவோர் புதிய முடிவை நாடுவதில்லை. தம் அச்சத்திற்கு ஓர் உருவமும், அவ்வுருவை ஆக்கிய கையும், அது வீழும்போது எழும் இரக்கமும் அவர் சுவைப்பன. அச்சம், மருட்கை, அழுகை ஆகிய மூன்றும் ஒரு பொருள்மேற் குவிதலே அதன் ஆற்றல். திரைப்படம் என்பதால் இச்சுவையை இழித்தலும், கோயில்விழா என்பதால் அதனைச் சுவையாய்வுக்கு அப்பாற்பட்டதாக வைத்தலும் ஒருங்கே தவறாகும். கொங்கு நாட்டின் உடுக்கைப் பாட்டைப் பதிவு செய்வோர், பாட்டோடு கேட்போரின் சொல்லையும் பதிதல் வேண்டும். எவ்விடத்தில் அவர் நகைத்தனர், எவ்விடத்திற் கண்ணீர் உகுத்தனர், கொம்பன் மாண்டபோது எவர்பொருட்டு வருந்தினர் என்பவற்றை ஆராய முற்படும் மாணவர்க்கு மெய்ப்பாட்டியல் இன்றும் உற்ற துணையாகும்.