ஆங்கிலம் யார் வீட்டுச் சொத்து?

ஆங்கிலம் மாளிகையில் பிறந்தவன் நாவில் மட்டும்தான் நடமாட வேண்டுமா? மூட்டை தூக்கும் தோழனின் மகன் வாயில் நுழையக் கூடாதா?

1968 ஜனவரி 23 அன்று, அண்ணா முதல்வராக இருந்தபோது, தமிழும் ஆங்கிலமும் போதும், பள்ளிகளில் இந்தி வேண்டாம் என்று சட்டமன்றம் தீர்மானித்தது. தமிழ் நமக்குத் தாய்; ஆங்கிலம் நமக்குக் கருவி. அந்தக் கருவி எல்லார் கைக்கும் வந்ததா? இலக்கணம் ஏட்டில் இருந்தது. ஒலி காதில் விழவில்லை. எழுதத் தெரிந்த பிள்ளை பேச எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொண்டது!

இன்று வழி பிறந்திருக்கிறது. 1943-லேயே வானொலி மூலம் ஆங்கிலம் கற்பித்த பி.பி.சி., இன்று இணையத்தில் இலவசமாகப் பாடம் தருகிறது. ஒலியைக் கேட்கலாம், அதே சொற்களை எழுத்திலும் பார்க்கலாம். யூடியூபில் வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்தலாம், நூறு முறை திருப்பிக் கேட்கலாம். நம் குரலைக் கைப்பேசியில் பதிந்து ஒப்பிடலாம். சலிக்காத ஆசிரியர்! பிரம்பெடுக்காத ஆசிரியர்!

ஆனால் தோழர்களே, தனியே பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு வராது. பேச எதிரே ஆள் வேண்டும். ஆகவே நம் படிப்பகங்களில் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். ஒரு கைப்பேசி, ஓர் ஒலிபெருக்கி, பத்துப் பிள்ளைகள் போதும். பாதி நேரம் கேட்கட்டும். மீதி நேரம் ஒருவரோடொருவர் பேசட்டும்.

ஏடு வாங்க இயலாதவனுக்கு அன்று ஏட்டைப் படித்துக் காட்டிய இடங்கள் அவை. அவன் பேரப்பிள்ளையின் காதில் ஆங்கிலத்தைச் சேர்ப்பது இன்று நம் கடமை!