வேலை இல்லை, கடன்பற்று அட்டை கிடைக்குமா?

இணையத்தில் விமானச்சீட்டு வாங்கினாலும் மாதச் சந்தா கட்டினாலும் அட்டை எண்ணைத்தான் முதலில் கேட்கிறார்கள். "எனக்கென்று ஒரு கடன்பற்று அட்டை இருந்தால் நல்லது" என்று மாணவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. ஆனால், இன்னும் வேலைக்குப் போகாத ஒருவருக்கு வங்கி அட்டை தருமா?

சிங்கப்பூரில் 21 வயது நிரம்பி, ஆண்டுக்குக் குறைந்தது 30,000 வெள்ளி சம்பாதிப்பவர்களுக்கே பொதுவாகக் கடன்பற்று அட்டை வழங்கப்படுகிறது. பள்ளி விடுமுறையில் செய்யும் பகுதிநேர வேலையால் அந்தத் தொகையை எட்ட முடியாது. இருந்தும் மூன்று வழிகள் உள்ளன. மூன்றிலும் முதலில் கேட்க வேண்டியது, கடனை அடைக்கப்போவது யார் என்பதே.

துணை அட்டை

பெற்றோர் தங்கள் கணக்கின்கீழ் 18 வயது நிரம்பிய பிள்ளைக்குத் துணை அட்டை எடுத்துத் தரலாம். பிள்ளையின் வருமானத்தை வங்கி பார்ப்பதில்லை. ஆனால் கட்டணச் சீட்டு முதன்மை அட்டைதாரரான அப்பாவுக்கோ அம்மாவுக்கோதான் வரும். நீங்கள் செலவழிப்பது அவர்களின் கடன் வரம்பிலிருந்து கழியும். மாதத்திற்கு எவ்வளவு செலவழிக்கலாம், அதை யார், எப்போது திருப்பித் தருவது என்பதை அட்டை கைக்கு வருமுன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்.

மாணவர் அட்டை

உயர்கல்வி மாணவர்களுக்குச் சில வங்கிகள் வருமானச் சான்று கேட்காமல் அட்டை தருகின்றன. வயது, கல்விநிலையம் தொடர்பான நிபந்தனைகள் வங்கிக்கு வங்கி மாறும். கடன் வரம்பு 500 வெள்ளிதான். ஆனால் இந்தக் கடன் உங்கள் பெயரில் இருக்கும்.

வைப்புத்தொகை அட்டை

வங்கியில் நிரந்தர வைப்பாகப் பணம் போட்டு, அதைப் பிணையாக வைத்தும் அட்டை பெறலாம். பொதுவாக 10,000 வெள்ளி தேவைப்படும் என்பதால் பெரும்பாலான மாணவர்களுக்கு இது எட்டாத வழி.

வரம்பு சிறியது, கட்டணம் சிறியதல்ல

500 வெள்ளிதானே என்று தோன்றலாம். 400 வெள்ளிக்கு ஒரு ஹெட்ஃபோன் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் வட்டி இல்லை. அப்படிக் கட்டாமல் மாதம் 50 வெள்ளி மட்டும் செலுத்தினால், ஆண்டுக்கு ஏறத்தாழ 27 விழுக்காடு வட்டியில் கடன் தீர ஒன்பது மாதம் ஆகும். வட்டி மட்டும் சுமார் 45 வெள்ளி.

ஒரு மாதம் கட்ட மறந்துவிட்டாலோ, பல வங்கிகளில் தாமதக் கட்டணம் 100 வெள்ளி வரை வரும். ஒன்பது மாத வட்டியைவிட ஒருமுறை மறந்ததற்கான கட்டணம் இரு மடங்குக்கும் அதிகம்! அதோடு, தாமதமாகக் கட்டியது சிங்கப்பூர்க் கடன் தகவல் நிலையத்தின் பதிவிலும் ஏறும். படிப்பு முடிந்து வீட்டுக் கடனுக்கோ வாகனக் கடனுக்கோ விண்ணப்பிக்கும்போது வங்கிகள் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். ஒழுங்காகக் கட்டி வந்தால் அதே பதிவு உங்களுக்குக் கைகொடுக்கும்.

விண்ணப்பிக்குமுன்...

இணையத்தில் பொருள் வாங்க மட்டும்தான் அட்டை வேண்டுமென்றால், உங்கள் சேமிப்புக் கணக்கின் டெபிட் அட்டையே போதும். கணக்கில் இருக்கும் பணம்தான் செலவாகும், கடன் சேராது.

கடன்பற்று அட்டைதான் வேண்டும் என்றால், ஒவ்வொரு மாதமும் முழுத் தொகையும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும்படி ஜைரோ ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கழிக்கும் நாளில் கணக்கில் போதிய பணம் இருப்பதையும் உறுதிசெய்யுங்கள். விண்ணப்பத்தில் இல்லாத வருமானத்தை எழுதாதீர்கள். ஆண்டுக் கட்டணம், தாமதக் கட்டணம் இரண்டையும் படித்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

கடன் ஏற்கெனவே கைமீறிவிட்டதா? வீட்டில் மறைக்காமல் சொல்லுங்கள். கடன் ஆலோசனை வழங்கும் 'கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர்' அமைப்பையும் நாடலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அடைக்க வேண்டிய தொகையும் அவ்வளவு குறைவாக இருக்கும்.