இயந்திரம் பாடிய மாயாமாளவகௌளை

சரண்ஜித் சிங்கின் இசைத்தட்டுக்கு இதுவரை இரண்டு தீர்ப்புகள் வந்திருக்கின்றன. முதலாவது 1982-இல். எச்.எம்.வி. வெளியிட்ட ‘சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்’ என்ற அந்தத் தட்டு விற்பனையில் தோற்று, சில வருடங்களில் மறந்தே போனது. இரண்டாவது 2010-இல். பழைய இந்தியத் தட்டுகளைத் தேடித் திரிந்த எடோ பவ்மன் என்ற டச்சுக்காரர் அதைக் கண்டெடுத்து, தமது ‘பாம்பே கனெக்‌ஷன்’ நிறுவனம் வழியாக மறுபடி வெளியிட்டதும் ஐரோப்பிய இசை உலகம் மலைத்துப்போனது. 1987-இல் சிகாகோவில் ‘ஃபியூச்சர்’ குழு வெளியிட்ட ‘ஆசிட் டிராக்ஸ்’ தொடங்கிவைத்ததாகச் சொல்லப்பட்ட ‘ஆசிட் ஹவுஸ்’ நடன இசையின் ஓசை, அதற்கு ஐந்து வருடம் முன்பே மும்பையில் பதிவாகிவிட்டதே என்றார்கள். பழைய தேதி போட்ட புதுத் தட்டாக இருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. விற்கவில்லை என்றது ஒரு தீர்ப்பு, முந்திக்கொண்டது என்றது மற்றது. தலைப்பிலேயே பத்து ராகங்கள் என்று சொல்லியிருந்தும், அந்த ராகங்கள் எப்படி இருக்கின்றன என்று இரண்டு தரப்புமே நின்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கத் தகுதியான செவி தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. அந்தச் செவியால் கேட்டால் இது ஒருவர் தனக்குள் திரும்பிச் செய்த ராகத் தட்டாகத்தான் தெரியும்.

சிங், மும்பைத் திரையிசை வாத்தியக் குழுக்களில் பல ஆண்டுகள் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். சங்கர்–ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்–பியாரேலால் போன்றவர்களின் பதிவுகளில் பெயர் தெரியாமல் உழைத்தவர்களில் ஒருவர். கல்யாண வரவேற்புகளில் சொந்தக் குழுவோடு வாசித்தும் பிழைத்தார். சிங்கப்பூரில் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்த மூன்று ரோலண்ட் கருவிகளை வாங்கி வந்தார்: ஜூபிடர்-8 சிந்தசைசர், தாளம் அடிக்கும் டிஆர்-808, பாஸ் வாசிக்கும் டிபி-303. தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்க்காரருக்குத் துணையாக இருக்கட்டும் என்று ஜப்பானில் உருவாக்கப்பட்டது 303. அந்த வேலைக்கு அது சரிப்படவில்லை என்று 1984-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். சிங் இந்த மூன்றையும் வீட்டில் வைத்துப் பழகி, ஒன்றோடொன்று இணைத்து ஓடவிடக் கற்றுக்கொண்டார். பிறகு இரண்டே நாளில் பதிவு முடிந்தது. பாடகர் இல்லை, தபலா இல்லை, இசையமைப்பாளர் இல்லை. வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் மெட்டுக்கு வாசித்த ஒருவர், தன் பொறுப்பில் ஒரு தட்டு போட வாய்ப்பு வந்தபோது எதை எடுத்துக்கொண்டார் என்பதுதான் இங்கே முதல் சாட்சியம். திரைப்பாட்டு மெட்டுகள் கைவசம் ஏராளமாக இருந்தும் அவர் ராகங்களிடம் போனார்.

அந்த ராகங்கள் நமக்கு அந்நியம் இல்லை. முதல் ராகமான பைரவ், இங்கே பிள்ளைகள் சரளி வரிசை தொடங்கும் மாயாமாளவகௌளை. பூபாலி நம் மோகனம். யமன் கல்யாணிக்கும், மால்கௌன்ஸ் ஹிந்தோளத்துக்கும், கலாவதி வலஜிக்கும், பைராகி ரேவதிக்கும், மேக் மல்ஹார் மத்தியமாவதிக்கும் மிக நெருக்கம். மதுவந்தியைக் கேட்டால் தர்மவதி நினைவுக்கு வரும். இந்துஸ்தானித் தோடியின் ஸ்வரங்கள் நம் சுபபந்துவராளியுடையவை. லலித்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு மத்திமங்களுக்கு மட்டும்தான் நம்மிடம் நேரான இணை இல்லை. கோயில் நாகசுரத்திலும் பழைய திரைப்பாட்டிலும் ஊறிய நெல்லைக்காரர் பெயர் தெரியாமல் கேட்டாலும் பாதியையாவது அடையாளம் சொல்லிவிடுவார். அப்படிக் கேட்கும்போது இன்னொன்றும் தெரியும். அந்தக் காலத்து டிஸ்கோப் பாட்டு, ஸ்வரக் கூட்டுகளான கார்டுகளை மாற்றி மாற்றித்தான் நகரும். சிங் அதைச் செய்யவில்லை. அடியில் சட்ஜம் அசையாமல் நிற்கிறது. 303 ஓடவிடும் ஸ்வரக் கோவையும் அந்தந்த ராகத்தின் எல்லைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. மேலே ஜூபிடர் மெதுவாகப் பிடிகளைப் பிடித்துப் பார்க்கிறது. முதல் ராகத்தில் இயந்திரக் குரல் ஒன்று ‘ஓம் நமச்சிவாய’ என்கிறது. ஆட்டத்துக்கென்று மட்டும் செய்த தட்டில் அந்த ஐந்தெழுத்துக்கு வேலை இல்லை.

இயந்திரத்தில் ராகம் வருமா என்ற கேள்விக்குப் பதில் தேட இந்தத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கைவிட நல்ல இடம் கிடையாது. நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய தூண் கொத்துகள் தட்டினால் வெவ்வேறு சுருதியில் ஒலிக்கின்றன. ஆற்றின் போக்கிலேயே கிழக்கே போனால், ஆழ்வார்திருநகரி ஆதிநாதர் கோயிலில் கல்லால் செய்த நாகசுரம் இருக்கிறது. கல்லைக்கூடச் சுருதி சேர்த்துப் பார்த்த ஊர்கள் இவை. பழைய திருநெல்வேலிச் சீமையில் இருந்த எட்டயபுரத்தின் கதை இன்னும் பொருத்தமானது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் பிடில் கற்றார். அதில் கர்நாடக இசையை வாசித்துக் காட்டி, பிறகு எட்டயபுரம் அரண்மனை வித்வானாக அமர்ந்தார். அந்த அந்நிய வாத்தியம் இல்லாமல் இன்று ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா? தம்புராவின் இடத்தில் மின்சாரச் சுருதிப் பெட்டி உட்கார்ந்துவிட்டது. சிங்கின் தட்டு வந்த அதே 1980-களின் தொடக்கத்தில்தான் சிறுவன் யு. ஸ்ரீநிவாஸ் மின்சார மாண்டலினோடு சபாக்களுக்குள் வந்தார். முதலில் முகம் சுளித்தவர்களும் பின்னால் அவர் கமகத்துக்குத் தலை அசைத்தார்கள்.

கமகம் என்றதும் உண்மையான ஆட்சேபம் வந்துவிடுகிறது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. கீபோர்டின் ஸ்வரங்கள் சம இடைவெளியில் பூட்டப்பட்டவை. ராகத்தின் உயிர் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிறது. இந்தக் குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை ஒதுக்கி வைத்தது. ஆனால் சிங் கையில் இருந்தவை ஹார்மோனியங்கள் இல்லை. ஜூபிடரில் ஒலியை வளைக்க ஒரு பிடி உண்டு, ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதியும் உண்டு. 303-லும் ஸ்வரங்களுக்கு நடுவே வழுக்கல் வைக்கலாம். பின்னாளில் உலகம் ‘ஆசிட்’ என்று கொண்டாடிய ஓசையில் கலந்திருக்கும் அந்த நெளிவு, வடக்கே மீண்ட் என்றும் நம்மிடம் ஜாரு என்றும் சொல்கிறார்களே, அதற்குப் பக்கத்து வீட்டு ஓசை. ராகத்தில் வளர்ந்த காது அதை உடனே பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை. இருந்தும் எல்லா இடத்திலும் அது போதவில்லை. வடக்கத்தித் தோடியின் காந்தாரம் மிகவும் தாழ்ந்து நிற்க வேண்டியது. சம இடைவெளிக் கட்டைகளில் அது கூர்மையாகி, ராகத்தின் சோகம் பாதி வடிந்துவிடுகிறது. லலித்திலும் அவசரம் தெரிகிறது. ராகத்துக்கு ஏறத்தாழ ஐந்து நிமிடம் என்று அளந்து வைத்ததில் வளரவேண்டியவை வளரவில்லை. பூபாலி, மால்கௌன்ஸ் போன்ற ஐந்து ஸ்வர ராகங்களில் இந்தக் குறை அநேகமாக மறைந்துபோகிறது. இடைவெளி அதிகமுள்ள ராகங்கள் இயந்திரத்தின் நேர்கோட்டைத் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே இயந்திரத்தில் ராகம் வருமா என்பதற்கு ஒட்டுமொத்தமாக ஒரே பதில் சொல்ல முடியாது. ராகத்துக்கு ராகம் பதில் மாறுகிறது.

இரண்டாவது ஆட்சேபம் டிஸ்கோ அடியைப் பற்றியது. விடாமல் இடிக்கும் தாளத்தோடு ஒருவர் எப்படித் தன்னுள் திரும்ப முடியும், அகநோக்கு என்றால் அமைதி வேண்டாமா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில், அதிலும் தெற்கே, இந்தக் கேள்வி எழவே கூடாது. நம்மிடம் உள்ள வாத்தியங்களிலேயே உரத்தவை நாகசுரமும் தவிலும். ராகத்தை மிக நீளமாக, மிக ஆழமாக ஆலாபனை செய்தவையும் அந்த மேளங்கள்தாம். சேரன்மகாதேவிப் பக்கத்துக் காருகுறிச்சியில் 1921-இல் பிறந்த அருணாசலம், டி.என். ராஜரத்தினம் பிள்ளையிடம் பயின்று, 1964-இல் மறைவதற்குள் இந்தப் பக்கத்துத் திருவிழா இரவுகளை ராகத்தால் நிரப்பியவர். ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்த அவருடைய ஆபேரியை 1962-லிருந்து ஊரே கேட்கிறது. அந்த நாகசுரம் ஊர்வலத்தின் நடுவில், வெடிச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் இடையில் ஒலித்த வாத்தியம். அதைக் கேட்டவர் தன் நினைவை இழந்து நின்றதும் அந்தக் கூட்டத்துக்குள்தான். வில்லுப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீசுகோல் வில்லில் விழும் வேகமும் குடத்தின் அதிர்வும் விடாமல் சுழல்வதால்தான் கோயில் கொடை நாளில் சாமி வருகிறது. திரும்பத் திரும்ப வரும் தாளம் மனத்தை வெளியே இழுக்கும் என்பது சபா நாற்காலியின் அபிப்பிராயம். 808 இயந்திரத்தின் மாறாத அடி, கேட்பவரின் கவனத்தைத் தாளத்திலிருந்து விடுவித்து ராகத்திடம் ஒப்படைக்கிறது.

வியாபாரத்துக்காக, அன்றைய மோஸ்தரைப் பிடித்துச் செய்த தட்டுதானே என்று மூன்றாவதாகச் சொல்பவர்கள் உண்டு. படங்களில் டிஸ்கோ பெருகியிருந்ததால்தான் அந்த யோசனையே வந்தது என்று சிங்கும் பேட்டிகளில் மறைக்காமல் சொன்னார். மோஸ்தர் ஒரு வாசலைத் திறந்தது உண்மை. அந்த வாசல் வழியாக மெட்டுகளைக் கொண்டுபோயிருந்தால் தட்டு விற்றிருக்கும். நான்கு வருடம் கழித்து, 1986-இல், ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜாவின் கணினி இசையைத் தமிழ்நாடு கைதட்டி வரவேற்றது. அதற்கு ஒரு கதையும் நடனக் காட்சியும் துணை இருந்தன. அதே ஆண்டில் அவர் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக ‘ஹவ் டு நேம் இட்’ செய்தபோது, அவர் பெயரே அதற்கு ஆதரவாக நின்றது. சிங்குக்குக் காட்சியும் இல்லை, பெயரும் இல்லை. சந்தர்ப்பம் எதுவும் சேராத இசையை, வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்க அன்றைய சந்தையில் இடம் இருக்கவில்லை. 1982-இன் தோல்விக்கு இயந்திரத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சிங் எழுபது வயதைத் தாண்டிய பிறகு ஐரோப்பிய மேடைகளில் இந்த ராகங்களை மறுபடி வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். கடைசிவரை அவரைப் பற்றிய பேச்சு யார் முதலில் என்பதிலேயே நின்றது வருத்தம் தருகிறது. திருநெல்வேலி அரசு இசைப்பள்ளியில் நாகசுரம் பயிலும் பிள்ளைகளுக்கு அவருடைய மால்கௌன்ஸைப் போட்டுக் காட்டி, கையோடு அவர்களை ஹிந்தோளம் வாசிக்கச் சொல்ல வேண்டும். எந்தப் பிடியில் இயந்திரம் தோற்கிறது, எதில் ஈடு கொடுக்கிறது என்று அவர்கள் வாயிலிருந்து வரட்டும். கொடை மேடைகளில் கீபோர்டும் ரிதம் பேடும் ஏறத் தொடங்கிவிட்ட நேரத்தில், அவற்றில் எதை வாசிப்பது என்று முடிவு செய்யப்போகிறவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம்.