ஊசி போட்ட இடத்தில் ஒரு மெத்தை

இன்சுலின் ஊசியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு வந்தால், சில மாதங்களில் அந்தத் தோலுக்கு அடியில் கொழுப்பு திரண்டு மெத்தென்று ஒரு தடிப்பு உண்டாகிறது. மருத்துவத்தில் இதற்கு லிப்போஹைப்பர்ட்ரபி என்று பெயர். வலிக்காது, சிவக்காது, அரிக்காது. பெரும்பாலும் தொப்புளுக்கு இரு பக்கமும்தான் வரும். சிலருக்கு எலுமிச்சம்பழ அளவுக்குப் புடைத்துத் தெரியும். சிலருக்குக் கண்ணுக்கே தெரியாமல், விரலால் தடவினால் மட்டும் தட்டுப்படும். நோயாளிக்கு அது தொந்தரவே இல்லை, சொல்லப்போனால் வசதி. தடித்த இடத்தில் உணர்ச்சி குறைவு என்பதால் குத்துவது உறைப்பதில்லை. வலிக்காத இடத்துக்கே கை போகிறது. போகப் போகத் தடிப்பு வளர்கிறது.

இன்சுலினின் வேலை ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதோடு முடிவதில்லை. கொழுப்புச் செல்களைப் பெருக்கவைப்பதும் அதன் இயல்பு. ஒரே புள்ளியில் மருந்தும் ஊசிக் காயமும் தினமும் சேர்ந்து விழும்போது, உடம்பு அங்கே கொழுப்பைச் சேர்த்துவிடுகிறது.

வெறும் அழகுப் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். ஆனால் தடிப்புக்குள் போன இன்சுலின் ரத்தத்தில் கலப்பது மெதுவாகிறது. ஒருநாள் போல இன்னொரு நாள் கலப்பதுமில்லை. ஸ்பெயினில் 430 பேரைப் பரிசோதித்து 2013-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குத் தடிப்பு இருந்தது. காரணம் புரியாமல் சர்க்கரை தாழ்ந்துபோவது தடிப்பு உள்ளவர்களில் 39 சதவீதம் பேருக்கு இருந்தது. இல்லாதவர்களில் 6 சதவீதம் பேருக்குத்தான். தடிப்பு உள்ளவர்கள் நாளுக்குச் சராசரியாக 56 யூனிட் போட்டுக்கொண்டார்கள், மற்றவர்கள் 41.

இந்த 15 யூனிட் எங்கிருந்து வருகிறது என்பது எளிது. சர்க்கரை ஏறியிருக்கிறது என்று பரிசோதனைச் சீட்டு சொல்கிறது, அளவு கூட்டப்படுகிறது. சீட்டைப் பார்க்கும் நேரத்தில் வயிற்றைத் தொட்டுப் பார்த்திருந்தால் போதும். பிறகு ஒருநாள் ஊசி தற்செயலாக நல்ல தோலில் இறங்கும். கூட்டிய அளவு முழுவதும் வேலை செய்யும். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கவனிக்காவிட்டால் மயக்கம்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய். தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் இந்தத் தடிப்புக்கு ஒரு தனிக் கோணம் உண்டு. குழித்தறியில் உட்கார்ந்தவருக்கு வயிற்றை ஒட்டி, நெய்த துணியைச் சுருட்டும் படமரம், குழிக்குள் கால்களுக்கு மிதி. இயங்கும் காலில் போட்ட இன்சுலின் வேகமாக ரத்தத்தில் சேரும். ஆகவே தறியேறப் போகும் வேளையில் தொடையைத் தவிர்ப்பது நல்லது. மிச்சம் வயிறு. அதிலும் எட்டுவதற்குச் சுலபமான ஒரு கையகல இடம்தான் எல்லோருக்கும் பழகிப்போகிறது. கோர்வைக் கரையில் பட்டிழை பிடிக்கும் கைக்கு, தாழ்சர்க்கரையின் நடுக்கம் வேலையையும் கெடுக்கும்.

தடிப்பு வராமல் காக்க இடத்தை மாற்ற வேண்டும். மாற்றுவதிலும் ஒழுங்கு வேண்டும். வயிற்றில் மருந்து வேகமாகவும், தொடையிலும் பிட்டத்திலும் மெதுவாகவும் சேரும் என்பதால், காலை ஊசி வயிற்றில் என்றால் தினமும் காலையில் வயிற்றில்தான். அந்த வயிற்றை நான்காகப் பிரித்து வாரத்துக்கு ஒரு பாகம்; ஒரு பாகத்துக்குள் முந்தைய குத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளி அடுத்தது. தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் அகலம் விட்டுவிட வேண்டும்.

ஊசியின் நீளத்தைப் பற்றிய பயம் பெரும்பாலும் வீண். ஒல்லியோ பருமனோ, பெரியவர்களின் தோல் சராசரியாக 2 முதல் 2.5 மில்லிமீட்டர்தான். பேனா ஊசியில் 4 மில்லிமீட்டர் போதும், நேராகக் குத்தலாம். 6 அல்லது 8 மில்லிமீட்டர் சிரிஞ்சு என்றால் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தோலை மடித்துப் பிடிக்க வேண்டும். முழுக் கையால் பிடித்தால் தசையும் சேர்ந்து வந்துவிடும். தசைக்குள் போன மருந்து வேகமெடுக்கும். பேனாவில் பொத்தானை அமுக்கிய பின் பத்து எண்ணிவிட்டு எடுக்க வேண்டும். பால்போன்ற இன்சுலினை உள்ளங்கைகளுக்கு நடுவே பத்து முறை உருட்டி, பத்து முறை தலைகீழாகச் சாய்க்க வேண்டும். குலுக்கக் கூடாது. ஒரே ஊசியை நாட்கணக்கில் வைத்திருப்பது சிக்கனமாகத் தோன்றும். ஆனால் முனை மழுங்கிய ஊசி தோலைக் கிழிக்கும், தடிப்புக்கும் அது துணை.

இந்தியாவில் இன்னோர் ஆபத்தும் உண்டு. இங்கே குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.

குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில், தண்ணீர் படாத டப்பாவில் குப்பியை வைத்து மண்பானைக்குள் இறக்குவது நல்ல ஏற்பாடே. ஜெனிவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ஆய்வு, 25-க்கும் 37 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்கும் வெப்பத்தில் நான்கு வாரம் இன்சுலின் கெடவில்லை என்று காட்டியது. காஞ்சிபுரத்துக் கத்திரி வெயில் அதையும் தாண்டும் என்பதால்தான் பானை வேண்டியிருக்கிறது. உறைபெட்டியில் வைத்து உறைந்துபோன மருந்தோ எதற்கும் உதவாது.

தோலில் இதற்கு நேர்மாறான பள்ளமும் விழுவதுண்டு. மாடு, பன்றி இன்சுலின் சுத்தம் குறைவாக இருந்த காலத்தில் அது சாதாரணம், இப்போது அபூர்வம். ஊசி பட்ட இடத்தில் சிறு ரத்தக் கன்றல் தானே மறையும். சூடும் சீழும் இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

தடிப்பைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம். சோப்புத் தண்ணீரோ எண்ணெயோ தடவிய விரல்களை வயிற்றின் மேல் மெதுவாக நகர்த்தினால், நல்ல தோல் மடிப்பாக எழும்பும்; தடித்த இடம் எழும்பாது. அதன் ஓரத்தைப் பேனாவால் வட்டமிட்டு, வட்டத்துக்குள் ஊசியே போடாமல் விட வேண்டும். இடம் மாற்றும் அன்றே மருத்துவரைக் கேட்டு அளவைக் குறைத்துக்கொள்வது முக்கியம். பழைய அளவு நல்ல தோலில் அதிகமாகிவிடும். அடுத்த சில நாட்கள் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். ஓய்வு கிடைத்த தடிப்பு பல மாதங்களில் மெல்லக் கரைகிறது. கரையாமல் கல்போல உறுதியாக நிற்பது கொழுப்பாக இல்லாமல், இன்சுலின் புரதமே படிந்து உருண்ட கட்டியாகவும் இருக்கலாம். அதை மருத்துவர் தனியாகப் பார்க்க வேண்டும்.