எள்ளும் இனிப்பும்: சார்ல்ஸ்டன் நகரத்தின் விழாக்காலப் பலகாரம்

விழா நாள்கள் நெருங்கும்போது எங்களிடம் வரும் கேள்விகளுள் பெரும்பாலானவை இனிப்பைப் பற்றியவை. "இவருக்குக் கொடுக்கலாமா?" என்று உடனிருப்போர் கேட்பர். "என்னால் வீட்டில் யாரும் எதுவும் செய்யாமல் இருக்கிறார்கள்" என்று நோயாளி வருந்துவார். இரண்டும் ஒரே கவலையின் இரு பக்கங்களே. இதற்கு விடை தேடும் முன், வாசகர்களைச் சற்றுத் தொலைவில் உள்ள ஓர் ஊருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், ஆஷ்லி, கூப்பர் என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையே கடலை நோக்கி நீண்டு கிடக்கும் நிலத்தில் அமைந்தது சார்ல்ஸ்டன். 1670ஆம் ஆண்டு தோன்றிய இந்நகரில் தேவாலயக் கோபுரங்கள் மிகுதி. ஆகவே இதனைப் 'புனித நகரம்' என்றும் அழைப்பர். இங்குள்ள பழைய வீடுகளில் பல, குறுகிய பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி நிற்பவை; நீண்ட பக்கத்தில் அடுக்கடுக்காகத் தாழ்வாரங்கள் இருக்கும். கடற்காற்று அதன் வழியே வீட்டினுள் புகும். நம் ஊர்த் திண்ணையை அறிந்தவர்களுக்கு அந்தத் தாழ்வாரத்தின் அருமையை விளக்க வேண்டியதில்லை. கிழக்கு வளைகுடாத் தெருவில் இளஞ்சிவப்பு, மஞ்சள், நீலம் எனப் பல வண்ணங்களில் 13 வீடுகள் ஒட்டி நிற்கின்றன. டிசம்பரிலும் குளிர் கடுமையாக இராது. மாலையில் துறைமுகக் கரையோரம் மக்கள் நிதானமாக நடப்பார்கள்.

இந்நகரத்தின் அடையாளமான இனிப்பு, 'பென்னே வேஃபர்' என்னும் மெல்லிய எள் பிஸ்கட். 'பென்னே' என்பது மேற்கு ஆப்பிரிக்க மொழிகளில் எள்ளைக் குறிக்கும் சொல். அடிமைகளாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு எள்ளும் இம்மண்ணுக்கு வந்தது. தோட்டங்களில் உழைத்த அவர்கள், தங்களுக்குக் கிடைத்த சிறு நிலத்துண்டுகளில் அதனைப் பயிரிட்டுக் காத்தனர். எள் நற்பேறு தரும் என்பது அவர்களின் நம்பிக்கை. கிறிஸ்துமஸ் நாளிலும், 1966 முதல் டிசம்பர் 26 தொடங்கி ஜனவரி 1 வரை ஆப்பிரிக்க அமெரிக்கர் கொண்டாடும் குவான்சா விழாவிலும் இப்பலகாரம் இடம்பெறுகிறது. எல்லாவற்றையும் இழந்தவர்கள் ஒரு சுவையை மட்டும் கைவிடாது பேணினர் என்பதை நினைக்கும்போது, பலகாரம் வெறும் வயிற்றுக்கானது அன்று என்பது புலப்படும்.

இனி, செய்முறையைக் காண்போம்.

140 கிராம் வெள்ளை எள்ளை வெறும் வாணலியில் பொன்னிறமாக வறுத்து ஆறவிடுக. 115 கிராம் வெண்ணெயையும் 200 கிராம் நாட்டுச் சர்க்கரையையும் நன்கு குழைத்து, ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி வெனிலா எசன்ஸ் சேர்க்க. 100 கிராம் மைதா, கால் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சலித்துக் கலந்து, இறுதியில் எள்ளைச் சேர்க்க. பட்டர் பேப்பர் விரித்த தட்டில், சிறு தேக்கரண்டி அளவாக, நன்கு இடைவெளி விட்டு வைக்க. சூட்டில் அவை பரவும். 175 டிகிரி செல்சியஸ் சூட்டில் 8 முதல் 10 நிமிடம் வேகட்டும். ஓரங்கள் சிவந்ததும் எடுத்து, ஆறிய பின்பே தட்டிலிருந்து பெயர்க்க வேண்டும். ஏறத்தாழ 48 பிஸ்கட்டுகள் கிடைக்கும்.

இந்த அளவில் செய்தால், ஒரு பிஸ்கட்டில் சுமார் 6 கிராம் மாவுச்சத்தும் 60 கலோரியும் இருக்கும். எண்ணி உண்ணத்தக்க சிறு பலகாரம் என்பதே இதன் நன்மை. நீரிழிவு உள்ளவர்கள், தங்களுக்குக் குறிக்கப்பட்ட மாவுச்சத்து அளவுக்குள் ஒன்றோ இரண்டோ சேர்க்கலாமா என்று உணவியல் நிபுணரிடம் கேட்டு முடிவு செய்யலாம். நாட்டுச் சர்க்கரையும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தவே செய்யும். அதனை மருந்தெனக் கருத வேண்டாம். இனிப்பு உண்பதற்காக ஒரு வேளை உணவைத் தவிர்ப்பதும், மருந்தின் அளவைத் தாமே மாற்றுவதும் தீங்கு தரும்.

எள் ஒவ்வாமை உள்ளவர்கள் இதனைத் தொடவே கூடாது. அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் எள்ளைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. அந்த ஒவ்வாமை அவ்வளவு கடுமையாகக்கூடும். சிறுநீரக நோயாளிகள், எள்ளில் பாஸ்பரஸ் மிகுதி என்பதால், மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது. வாய்ப்புண் உள்ளவர்களுக்கும் விழுங்குவதில் இடர்ப்பாடு உள்ளவர்களுக்கும் மொறுமொறுப்பான பலகாரம் ஏற்றதன்று. புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் வேகாத மாவைச் சுவைத்துப் பார்க்க வேண்டாம். பச்சை முட்டையிலும் பச்சை மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம்.

உண்ண இயலாதவருக்கு விழாவில் இடமில்லையா? நிச்சயம் உண்டு. எள்ளைப் புடைத்துக் கல் நீக்குவது, எள் சிவக்கும் பதத்தை மணத்தால் சொல்வது, பிஸ்கட்டுகளை எண்ணி டப்பாவில் அடுக்குவது, எந்த உறவினருக்கு எத்தனை என்று பங்கிடுவது ஆகியவை அமர்ந்தபடியே செய்யக்கூடிய வேலைகள். நோயாளிக்குத் தெரியாமல் இனிப்பை ஒளித்து வைப்பதைவிட, அவரையே பங்கிடச் சொல்வது நல்லது. ஒளித்து வைக்கும்போது அவர் விருந்தினராகிவிடுகிறார். பங்கிடும்போது மீண்டும் வீட்டுக்கு உரியவராகிறார்.

உடனிருப்போருக்கும் ஒரு சொல்: இந்த ஆண்டு ஒரே பலகாரம் போதும். களைத்திருந்தால் அதனையும் கடையில் வாங்கலாம். அடுப்பை அணைத்துவிட்டு, அருகில் சற்று நேரம் அமருங்கள். விழாவும் அதுவே.