எரிபொருள் இல்லாத ராக்கெட்

1967 ஜனவரி 27 மாலை, கேப் கென்னடியின் 34ஆம் ஏவுதளத்தில் நின்ற சாட்டர்ன் ராக்கெட்டில் எரிபொருள் நிரப்பப்படவில்லை. நடந்தது ஒத்திகைதான். எனவே அதை ஆபத்தான சோதனைகளின் பட்டியலில் சேர்க்கவில்லை. தீயணைப்புக் குழுவோ மருத்துவக் குழுவோ அருகே காத்திருக்கவுமில்லை. ஆனால் உச்சியில் இருந்த அப்பல்லோ கலத்துக்குள் விண்வெளி வீரர்கள் கிரிஸ்ஸம், வொய்ட், சாஃபி மூவரையும் சூழ்ந்திருந்தது தூய ஆக்சிஜன். அதுவும் சதுர அங்குலத்துக்கு 16.7 பவுண்டு அழுத்தத்தில். வெளிக்காற்றின் அழுத்தமோ 14.7தான். அந்தச் சூழலில் நைலான் வலையும் வெல்க்ரோ பட்டையும் பஞ்சாய்ப் பற்றிக்கொள்ளும். 6.31க்கு ‘தீ’ என்ற குரல் வந்த பதினைந்து விநாடி அளவில் கலத்தின் சுவரே பிளந்தது. உட்கதவு உள்நோக்கித் திறப்பது. எல்லாம் சரியாக இருந்தாலே வெளியேற ஒன்றரை நிமிடம் பிடிக்கும். தீயால் ஏறிய அழுத்தம் கதவை அசைக்கவே விடவில்லை.

தொடக்க கால விண்வெளி மரணங்களை ‘அறியாத வெளியில் கால்வைத்ததற்கான விலை’ என்று சொல்வது வழக்கம். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மைதான் இடிக்கிறது. ஆக்சிஜனில் தீ எப்படிப் பாயும் என்பது அமெரிக்கர்களுக்குத் தெரியாததல்ல. 1962இல் விமானப்படை, கடற்படை ஆய்வு அறைகளில் இதே வகைத் தீ பிடித்தது. 1965இல் வாஷிங்டனில், ஆக்சிஜன் மிகுந்த அழுத்த அறையில் இரண்டு கடற்படை முக்குளிப்பாளர்கள் கருகி இறந்தார்கள். விபத்துக்குச் சில மாதங்கள் முன்பு, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஒருவர் தீ அபாயத்தை எச்சரித்து நாசாவுக்குக் கடிதமே எழுதினார். பிறகு ஏன் அசட்டை? அப்பல்லோவுக்கு முந்தைய மெர்க்குரித் திட்டத்தில் 6, ஜெமினித் திட்டத்தில் 10 என 16 முறை மனிதர்கள் இதே வாயுவைச் சுவாசித்துப் பறந்து திரும்பியிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்பதே, ஒன்றும் ஆகாது என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. அந்த 16 பயணங்களும் நிரூபித்தது, தீப்பொறி எதுவும் எழவில்லை என்பதை மட்டும்தான்.

தூய ஆக்சிஜனுக்கு நியாயம் இருந்ததே என்பார்கள். இருந்தது. விண்வெளியில் 5 பவுண்டு அழுத்தமே போதும் என்பதால் கலத்தின் சுவரை எடை குறைவாகச் செய்யலாம். நைட்ரஜனும் கலந்தால் கருவிகள் கூடும். கலவை பிசகினால் மூச்சடைத்து மயங்கும் அபாயமும் உண்டு. ஆனால் இவையெல்லாம் விண்வெளிக்கான நியாயங்கள். தரையில் அதே வாயுவை மூன்று மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் நிரப்பியதை இவை காப்பாற்றாது. நிலவில் மனிதனை இறக்க அதிபர் கென்னடி விதித்த கெடுவால் வந்த அவசரமே காரணம் என்றும் சொல்வதுண்டு. அவசரம் கலத்தின் மட்டரகமான மின்கம்பி வேலையை விளக்கும். ஆனால் இந்த வாயுவைத் தேர்ந்தெடுத்தது கெடு வைப்பதற்கு முந்தைய மெர்க்குரி காலத்தில். 1961 மார்ச்சில் ஆக்சிஜன் அறைத் தீயில் பொந்தரெங்கோ என்ற சோவியத் பயிற்சி வீரர் இறந்ததை மாஸ்கோ 1986 வரை வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அமெரிக்கர்கள் விழித்திருப்பார்கள் என்பது இன்னொரு வாதம். சொந்த நாட்டில் நடந்த தீயே விழிக்கவைக்காதபோது அயல்நாட்டுச் செய்தி மட்டும் விழிக்கவைத்திருக்குமா?

ரகசியம் காத்தவர்களும் அதே குழியில்தான் விழுந்தார்கள். 1964இல் வொஸ்கோத் கலத்தில் மூவரைத் திணிக்க வேண்டி, சோவியத் பொறியாளர்கள் அழுத்த உடையைக் கைவிட்டார்கள். பயணம் நல்லபடியாக முடிந்தது. சோயுஸ் கலத்திலும் உடையின்றிப் பறப்பது வாடிக்கையானது. 1971 ஜூன் 30 அன்று சோயுஸ் 11 திரும்பும் வழியில், சுமார் 168 கிலோமீட்டர் உயரத்தில், வால்வு ஒன்று திறந்து காற்று வெளியேறிவிட்டது. கலம் பழுதின்றித் தரையிறங்கியது. கதவைத் திறந்தவர்கள் கண்டது மூன்று உடல்களை. அதன் பிறகு அழுத்த உடையையும் அதற்கான காற்றுக் கருவிகளையும் வைக்க, மூன்றாவது இருக்கையை எடுக்க வேண்டியதாயிற்று. சோயுஸில் மீண்டும் மூவர் பறக்க 1980 ஆனது.